நாலாவது திசை இருந்தா நாம காலி!

இந்த வாரம் ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போமா?

ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் நம்ம பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்டத்தில் போகிறது. தூரம் சுமார் 14.7 கோடி கிலோ மீட்டர். ஜூலை முதல் வாரத்தில் ரொம்ப விலகி நிற்கிறது. அப்போது சுமார் 15.2 கோடி. ஆறே மாசத்தில் 50 லட்சம் கிலோ மீட்டர் வித்தியாசம்! யாராவது பதறினோமா? ஜனவரியில் பொங்கல் வைத்தோம். ஜூலையில் காலேஜ் அட்மிஷனுக்கு அலைந்தோம். பூமி அது பாட்டுக்குப் போகிறது, அது பாட்டுக்கு வருகிறது.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? போனது திரும்பி வருவதுதான்! உள்ளே சரிந்த பூமி அப்படியே சூரியனுக்குள் போய் விழுந்திருக்கலாம். வெளியே நகர்ந்த பூமி 'டாட்டா' காட்டிவிட்டு இருட்டுக்குள் காணாமல் போயிருக்கலாம். ரெண்டும் நடக்கவில்லை. காரணம், நாம் வாழும் வெளிக்கு மூன்றே மூன்று திசைகள்தான். முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ். அவ்வளவுதான்!

'நாலாவதா ஒண்ணு இருந்தா என்ன ஆகும்?' என்று கேட்டுத்தான் உலகத்தின் பெரிய பெரிய மண்டைகள் பல வருஷமாகக் காகிதத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் சாதாரணச் சூரியனை வைத்து இல்லை பாஸ், பம்பரமாகச் சுழலும் கருந்துளையை வைத்து!

'இதெல்லாம் நமக்கு எதுக்கு?' என்கிறீர்களா? அஞ்சு நிமிஷம் கூட வாங்க. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகவே கூட்டிப் போகிறேன்.

கிண்ணத்துல கோலி... கவிழ்த்த கிண்ணத்துல கோலி!

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றியிருப்பீர்கள். சுற்றும்போதே கயிற்றை உள்ளே இழுத்துக் குட்டையாக்கினால், கல் விர்ரென்று வேகமெடுக்கும். கிரகமும் அப்படித்தான். சூரியனை நெருங்கினால் வேகம் கூடும். வேகம் கூடினால் வெளியே தப்பித்துப் போகும் ஆசையும் கூடும்.

ஆக, எந்தச் சுற்றுப்பாதையிலும் ஓயாமல் ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறது. ஒரு பக்கம், உள்ளே இழுக்கும் ஈர்ப்பு. மறு பக்கம், வெளியே தள்ளும் வேகம். இனி கணக்கைப் பாருங்கள். தூரம் பாதியானால், வெளியே தள்ளும் பக்கம் 8 மடங்கு ஆகும். ஈர்ப்பு? 4 மடங்குதான்! ஏன் 4? ஒரு குண்டு பல்பை ஏற்றினால் வெளிச்சம் ஒரு பந்தின் மேற்பரப்பு மாதிரிப் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு 4 மடங்கு. வெளிச்சம் 4-ல் ஒரு பங்காக மெலியும். ஈர்ப்பும் அதே மாதிரிதான் பரவுகிறது.

விளைவு? பூமி கொஞ்சம் உள்ளே போனால் 8 ஜெயித்து வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் வெளியே போனால் தள்ளும் பக்கம் சீக்கிரமே சோர்ந்துபோய், ஈர்ப்பு ஜெயித்து உள்ளே இழுத்துவிடும். கிண்ணத்தின் அடியில் கோலி உருளுமே, அந்த மாதிரி! எந்தப் பக்கம் தட்டினாலும் நடுவுக்கே வந்து சேரும்.

இப்போ நாலு திசை உள்ள உலகத்துக்கு வாங்க. அங்கே 'பந்து' நாலு திசையிலும் பரவ வேண்டும். தூரம் பாதியானால் ஈர்ப்பும் 8 மடங்கு ஆகிவிடும். தள்ளும் பக்கமும் 8. டிரா! கோலியை நடுவுக்குக் கொண்டுவர ஆளே இல்லை. அஞ்சு திசை என்றால் ஈர்ப்பு 16 மடங்கு, தள்ளுவது அதே 8. இது கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த கோலி. தும்மினாலே போச்சு!

எவ்வளவு சீக்கிரம் போகும்? கணக்குப் போடலாம். சூரியனிடமிருந்து இதே தூரத்தில், இதே அளவு இழுப்புடன், ஆனால் நாலு திசை உலகத்தில் பூமி வட்டமடிக்கிறது என்று வையுங்கள். அதன் வேகத்தில் வெறும் 1 சதவிகிதம் குறைந்தால்... பதிமூணரை மாசத்தில் சூரியனுக்குள் பொதக்! வேகம் 1 சதவிகிதம் கூடினால், சுருள் சுருளாக விலகி, திரும்பி வராத பயணம். உண்மையான பூமியின் வேகம் வருஷா வருஷம் இதைவிட அதிகமாகவே ஏறி இறங்குகிறது. ஆனாலும் சுமார் 450 கோடி வருஷமாக விழாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம், பரிணாம வளர்ச்சி, பானிபூரி எல்லாம் அந்த இடைவெளியில் வந்தவைதான்.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் பால் எரென்ஃபெஸ்ட். ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஐன்ஸ்டீனின் நெருங்கிய நண்பர். 1917-ல், 'வெளிக்கு மூன்று பரிமாணம் என்பது இயற்பியல் விதிகளில் எங்கே தெரிகிறது?' என்று கேட்டார். அவர் கண்டுபிடித்த பதில்களில் ஒன்று இந்தச் சுற்றுப்பாதை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கருந்துளை

எரென்ஃபெஸ்ட் போட்டது நியூட்டன் கணக்கு. கருந்துளை என்று வந்தால் ஐன்ஸ்டீன் கணக்கு. அங்கே நம்ம மூன்று திசை உலகத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ரொம்பக் கிட்டே போனால் ஈர்ப்புக்குக் கூடுதலாக ஒரு பலம் சேர்ந்துவிடும். தூரத்தில் கிண்ணமாக இருந்தது, ஒரு எல்லைக்கு உள்ளே கவிழ்ந்துவிடும். அந்த எல்லைக்குப் பெயர் 'கடைசி நிலையான சுற்றுப்பாதை'. அதற்கு உள்ளே யாரும் நிம்மதியாகச் சுற்ற முடியாது.

இந்தத் தூரத்தை நம்ம ஊர் மேப்பில் போட்டால் சட்டென்று புரியும். சூரியனைப் போல 10 மடங்கு எடையுள்ள, சுழலாத ஒரு கருந்துளையின் மையம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பதாக வையுங்கள். (பயப்படாதீங்க, கற்பனைதான்! தூரமெல்லாம் ரோட்டுத் தூரம் இல்லை, மேப்பில் ஸ்கேல் வைத்த நேர்க்கோடு.)

அதன் விளிம்பு, அதாவது உள்ளே போனால் வெளிச்சம்கூடத் திரும்பாத எல்லை, சுமார் 30 கிலோ மீட்டர். சிப்காட், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் சூளகிரி எல்லாம் உள்ளே. தினமும் வேலைக்குப் போகிறீர்களே, அந்த எலக்ட்ரானிக் சிட்டியும் ஸ்வாஹா!

அடுத்தது 44 கிலோ மீட்டர். இங்கே வெளிச்சமே வட்டமடிக்கும். கிட்டத்தட்ட கிருஷ்ணகிரி வாசல். ஆனால் அதுவும் கவிழ்த்த கிண்ணத்து வட்டம்தான். ஒளி நூல் இழை பிசகினாலும் உள்ளே விழும், இல்லை வெளியே ஓடும்.

அதற்கும் வெளியே 89 கிலோ மீட்டரில்தான் அந்தக் 'கடைசி நிலையான' எல்லை. கிருஷ்ணகிரி சுமார் 48 கிலோ மீட்டர், தர்மபுரி சுமார் 77. ரெண்டுமே டேஞ்சர் ஏரியா. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அந்தக் காவலூர் சுமார் 110 கிலோ மீட்டர். அங்கே ஒரு விண்கலம் இருந்தால், இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஹாயாகச் சுற்றலாம்.

சுத்துனா சீன் மாறுது!

இப்போது அந்தக் கருந்துளையைச் சுழல விடுங்கள். 1963-ல் நியூசிலாந்துக்காரர் ராய் கெர் இதற்கான சமன்பாட்டைக் கண்டுபிடித்தார். சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே சேர்த்து இழுத்துக்கொண்டு சுழல்கிறது. கிரைண்டரில் குழவியோடு மாவும் சேர்ந்து ஓடுமே, அந்த மாதிரி. ஓரத்து மாவு மெதுவாக, நடுவில் வேகமாக.

அது சுழலும் திசையிலேயே நீங்களும் சுற்றினால் லாபம். சுழற்சி அதன் உச்ச அளவில் முக்கால் பங்கு இருந்தாலே கடைசி எல்லை 47 கிலோ மீட்டருக்குச் சுருங்கிவிடும். கிருஷ்ணகிரி தப்பித்தது! உச்ச அளவை எட்டினால் எல்லை 15 கிலோ மீட்டர்வரை உள்ளே வந்துவிடும். ஆனால் எதிர்த் திசையில் சுற்றினால்? அதே உச்சச் சுழற்சிக்கு எல்லை 133 கிலோ மீட்டருக்கு வெளியே ஓடிவிடும். இதுவரை பத்திரமாக இருந்த காவலூரும் அவுட்! இடம் அதேதான், எடை அதேதான். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இது வெறும் மேப் விளையாட்டு இல்லை. கருந்துளையில் விழும் வாயு இந்தக் கடைசி எல்லைவரை சுற்றிச் சுற்றி, உரசி, சூடேறி, எக்ஸ் கதிராகக் கத்திவிட்டுத்தான் விழுகிறது. எல்லை எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, அவ்வளவு அதிக ஆற்றல் வெளியே வரும். சுழலாத கருந்துளை, விழும் பொருளின் நிறையில் 5.7 சதவிகிதத்தை ஆற்றலாக மாற்றும். உச்சத்தில் சுழல்வது 42 சதவிகிதம்வரை! சூரியன் ஹைட்ரஜனை ஹீலியமாக்கும்போது கிடைப்பது 0.7 சதவிகிதம்தான்.

எக்ஸ் கதிரை அளந்தால் எல்லை எங்கே என்று தெரியும். எல்லை தெரிந்தால் சுழற்சி தெரியும். இஸ்ரோ 2015 செப்டம்பர் 28-ல் ஏவிய ஆஸ்ட்ரோசாட் இதைச் செய்திருக்கிறது. '4யு 1630-47' என்ற கருந்துளை, உச்ச அளவில் சுமார் 92 சதவிகிதம் சுழல்கிறது என்று 2018-ல் ஒரு குழு சொன்னது. ஆஸ்ட்ரோசாட்டுடன் சேர்ந்து தகவல் தந்தது நாசாவின் சந்திரா விண்கலம். அந்தப் பேர் யாருடையது?

600 தாள், 6 நோட்டு

சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, செத்த நட்சத்திரங்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டவர். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தெரியாத கதை, அவர் அறுபது வயதைத் தாண்டிய பிறகு செய்தது. மற்றவர்கள் ரிட்டையர்மென்ட் பற்றி யோசிக்கும் வயசில், சுழலும் கருந்துளையைக் கையில் எடுத்தார். அதைச் சுற்றி ஒளி எப்படிப் போகும், கல் எப்படிப் போகும், எலெக்ட்ரான் எப்படிப் போகும் என்று ஒவ்வொன்றாக, வரி வரியாகக் கணக்குப் போட்டார். அது 1983-ல் 'கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு' என்ற ஆங்கிலப் புத்தகமாக வந்தது. 600 பக்கங்களுக்கு மேல்! அதே வருஷம்தான் நோபல் பரிசும் கிடைத்தது.

புத்தகத்தில் சில இடங்களில் படிகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முழுசாக வேண்டும் என்பவர்களுக்காக, தன் கைக்கணக்குத் தாள்கள் சுமார் 600-ஐயும், 6 நோட்டுகளையும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்திலேயே கொடுத்து வைத்துவிட்டார். அசைன்மென்ட்டில் 'இதிலிருந்து இது வரும்' என்று ஒரு வரியில் தாண்டுகிறோமே... அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!

பெங்களூருவில் கேட்ட மணி

ஓசூரிலிருந்து பஸ் பிடித்தால் பெங்களூரு. அங்கே ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் ஜவாஹர்லால் நேரு கோளரங்கம். அதன் முதல் இயக்குநர் சி.வி.விஸ்வேஸ்வரா, 1938-ல் பெங்களூருவில் பிறந்தவர்.

இவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த காலத்தில், 'கருந்துளைமேல் ஓர் ஈர்ப்பு அலையை மோதவிட்டால் என்ன திரும்பி வரும்?' என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். அடித்த மணி மாதிரி, ஒரே சுருதியில் ஒலித்து மெள்ள அடங்கும் ஓர் அலை வந்தது. 1970-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இதில் நம்ம சுற்றுப்பாதைக்கு என்ன வேலை? அந்த மணியோசையின் சுருதியைத் தீர்மானிப்பது, கிருஷ்ணகிரி வாசலில் பார்த்தோமே, அந்த ஒளி வட்டம்தான்! அந்த நிலையில்லாத வட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுதான் வெளியே மணியோசையாக வருகிறது.

அப்போது ஈர்ப்பு அலையை யாரும் பார்த்ததே இல்லை. கருந்துளை இருக்கிறதா என்பதே விவாதம். ஆனாலும் கணக்கு காத்திருந்தது. ஒரு வருஷம் இல்லை, ரெண்டு வருஷம் இல்லை, 45 வருஷம்! 2015 செப்டம்பர் 14-ல் அமெரிக்காவின் லைகோ கருவிகள், 36 சூரிய எடையும் 29 சூரிய எடையும் கொண்ட ரெண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, மோதி, ஒன்றான அதிர்வைப் பிடித்தன. கடைசியில் பிறந்த கருந்துளை உச்ச அளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சுழன்றது. அந்த அதிர்வின் வால் பகுதி, விஸ்வேஸ்வரா சொன்ன மாதிரியே அடங்கியது. 2016 பிப்ரவரியில் உலகத்துக்கு அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் அவர் காலமானார். தன் மணி ஒலித்ததைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

தோசை திருப்பிப் போட்டா...

சரி, இப்போ மெயின் மேட்டர். சுழற்சி வந்ததும் மூன்று திசையில் கிருஷ்ணகிரி தப்பித்ததே... நாலு, அஞ்சு திசை உலகத்தையும் சுழற்சியால் காப்பாற்ற முடியுமா?

1986-ல் ராபர்ட் மையர்ஸும் மால்கம் பெர்ரியும், எத்தனை திசை இருந்தாலும் சுழலும் கருந்துளை எப்படி இருக்கும் என்பதற்குச் சமன்பாடு கொடுத்தார்கள். அங்கே சுழல்வதே வேற லெவல். மூன்று திசையில் பம்பரத்துக்கு ஒரே சுழற்சிதான். நாலு திசையில், ஒன்றையொன்று தொடாமல் ஒரே நேரத்தில் ரெண்டு சுழற்சி சாத்தியம்!

நாலு திசைக்கு 2003-ல் பதில் வந்தது. வலேரி ஃப்ரோலோவ், டெஜான் ஸ்டாய்கோவிச் என்ற ரெண்டு பேர், கருந்துளை சுழலும் தளங்களில் நிலையான வட்டப்பாதை ஒன்றுகூடக் கிடையாது என்று காட்டினார்கள். எப்படிச் சுழன்றாலும் சரி, கோலி நிற்காது. 8-க்கு 8 என்ற அந்த டிராவைச் சுழற்சியால் உடைக்க முடியவில்லை.

2007-ல் டான் பேஜ், டேவிட் குபிஸ்னாக், முராரி வாசுதேவன், பாவெல் க்ர்டோஷ் என்ற நாலு பேர் இன்னொரு ஆச்சரியத்தைக் காட்டினார்கள். எத்தனை திசை இருந்தாலும், இந்தச் சுழலும் கருந்துளைகளைச் சுற்றி ஒரு கல் போகும் பாதையை முழுசாகக் கணக்குப் போட்டுவிட முடியும். பாதை குழப்பமே இல்லை, ஒழுங்கானது. ஒழுங்காகப் போய் ஒழுங்காக விழும், அவ்வளவுதான்!

அப்போ கதை முடிந்ததா? இல்லை! 2014-ல் ஜப்பானைச் சேர்ந்த தகாஹிசா இகாட்டா, அஞ்சு திசை உலகத்தில் ஒரே ஒரு தளத்தில் சுழலும் கருந்துளையை எடுத்துக்கொண்டார். நாலு திசையிலேயே முடியாதபோது, அஞ்சில் நிலைமை இன்னும் மோசமாகத்தானே இருக்கணும்? 16-க்கு 8 ஆச்சே! ஆனால் சுழற்சி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், சுழலும் அச்சின்மேல் நிலையான சுற்றுப்பாதைகள் தலைகாட்டின!

எப்படி? தோசை சுட்டவர்களுக்குப் புரியும். மாவைக் கல்லில் ஊற்றிக் கரண்டியால் சுற்றச் சுற்ற, அது பரந்து மெல்லிசாகுமே? மூன்று, நாலு திசைகளில் கருந்துளையின் சுழற்சிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அஞ்சு திசையில் இந்த மாதிரி ஒற்றைச் சுழற்சிக்கு வரம்பே கிடையாது. சுழலச் சுழலக் கருந்துளை தோசையாகப் பரந்துகொண்டே போகும்.

பெரிய தோசைக்கு ரொம்பக் கிட்டத்தில் ஓர் எறும்பு நிற்கிறது. அதற்கு தோசை முடிவில்லாத தரையாகத் தெரியும். தோசை பரவியிருக்கும் ரெண்டு திசையிலும் எவ்வளவு நகர்ந்தாலும் இழுப்பு மாறாது. ஆக, அந்த ரெண்டு திசையும் கணக்கிலிருந்தே கழன்றுவிடும். 5-ல் 2 போனால்? 3! மீதியிருக்கும் மூன்று திசைகளில் ஈர்ப்பு, நம்ம ஊர் ஈர்ப்பு மாதிரியே 4 மடங்குக் கணக்கில் நடந்துகொள்கிறது. 8 திரும்பவும் ஜெயிக்கிறது. கிண்ணம் திரும்பவும் நிமிர்கிறது!

ஆனால் ரொம்ப விலகிப் போகக்கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் தோசை வெறும் புள்ளிதானே? அப்போது அஞ்சு திசை ஈர்ப்பு தன் வேலையைக் காட்டிவிடும். அதனால் அங்கே உள் எல்லை மட்டும் இல்லை, வெளி எல்லையும் உண்டு. நம்ம உலகத்தில் அந்த வெளி எல்லை இல்லை.

கவனித்தீர்களா? அஞ்சு திசை உலகத்தில் தேடித் தேடிக் கிடைத்த அந்தச் சின்ன பத்திரமான இடமும், மூன்று திசை மாதிரி நடிக்கும் இடம்தான்.

மைக்ரான் சாட்சி

'சரி, நிஜத்தில் நாலாவது திசை இருக்கா, இல்லையா?' நியாயமான கேள்வி. சில கோட்பாடுகள், கூடுதல் திசைகள் மிக மிகச் சின்னதாகச் சுருண்டு கிடக்கலாம் என்கின்றன. அப்படி இருந்தால், ரொம்பக் குட்டித் தூரத்தில் ஈர்ப்பு 4 மடங்குக் கணக்கை மீறி எகிற வேண்டும்.

இதைச் சோதிக்கும் வேலை, ஓசூர் டூல் ரூம்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ரொம்பப் பழக்கமான அளவில் நடக்கிறது. மைக்ரோ மீட்டரில் ஒரு கோடு 10 மைக்ரான். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மெல்லிய கம்பியில் தொங்கவிட்ட தட்டை வைத்து, 52 மைக்ரான் இடைவெளிவரை ஈர்ப்பை அளந்து 2020-ல் வெளியிட்டார்கள். அதாவது, உங்கள் மைக்ரோ மீட்டரில் அஞ்சு கோடுக்குக் கொஞ்சம் மேல். அதுவரை நியூட்டன் கணக்கு அப்படியே நிற்கிறது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலும், துகள்களை மோதவிட்டு, கூடுதல் திசையின் அடையாளமாகக் குட்டிக் கருந்துளை ஏதாவது தோன்றுகிறதா என்று தேடினார்கள். இதுவரை சிக்கவில்லை.

அப்போ எரென்ஃபெஸ்ட், மையர்ஸ், இகாட்டா எல்லாரும் இல்லாத ஊருக்கு வழி தேடினார்களா? இல்லை ஃப்ரெண்ட்ஸ். ஒரு மெஷினில் ஒரு பாகம் எதற்கு என்று தெரிய வேண்டுமானால், அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம் இல்லையா? உலகத்தின் 'மூன்று' என்ற பாகத்தை நிஜத்தில் கழற்ற முடியாது. காகிதத்தில் முடியும். கழற்றிப் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு ஜனவரியும் ஜூலையும் நம்மைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்தது.

உங்க டர்ன்!

நம்பாதீங்க. நீங்களே செய்து பாருங்கள். பைத்தானோ, சி-யோ, எக்ஸெல்லோ எது தெரிந்தாலும் போதும்.

நடுவில் சூரியன். பூமியைத் தூரம் 1-ல் நிறுத்துங்கள். குறுக்குவாட்டில் வேகம் 1. இழுப்பு, 1-ஐத் தூரத்தின் அடுக்கால் வகுத்தது. மூன்று திசைக்கு அடுக்கு 2, நாலு திசைக்கு 3, அஞ்சுக்கு 4. நேரத்தை 0.001 ஆக நறுக்கி, ஒவ்வொரு அடியிலும் முதலில் வேகத்தை மாற்றுங்கள். அந்தப் புது வேகத்தை வைத்து இடத்தை மாற்றுங்கள். (இந்த வரிசை முக்கியம்! பழைய வேகத்தை வைத்து இடத்தை மாற்றினால், நல்ல பூமியும் மெல்ல வெளியே நழுவும்.)

முதலில் அடுக்கு 2. வேகத்தை 0.99 ஆக்குங்கள். பூமி 0.96 தூரம்வரை உள்ளே போய், சமத்தாகத் திரும்பி வரும். இப்போது 2-ஐ அழித்துவிட்டு 3 போடுங்கள். ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஒரு சுற்று 6.28 நேரம், 7.1-ஐத் தொடும்போது பூமி சூரியனுக்குள்!

அந்தக் கோடு உள்ளே சுருளுவதை ஒருதடவை பார்த்துவிட்டால், அப்புறம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது தலைக்கு மேலே நிற்கும் நிலாவைக் கொஞ்சம் வேற மாதிரிப் பார்ப்பீர்கள்.

அடுத்த வாரம் வேறொரு மேட்டரோடு வர்றேன். அதுவரைக்கும்... சுத்துங்க, ஆனா விழாதீங்க!

டக் டக் பாக்ஸ்

● நாலு திசை உலகத்தில் கருந்துளை உருண்டையாகத்தான் இருக்கணும் என்று சட்டம் இல்லை. 2001-ல் ராபர்ட்டோ எம்பரானும் ஹார்வி ரியலும், நடுவில் ஓட்டையுள்ள வளையக் கருந்துளைக்குச் சமன்பாடு கண்டுபிடித்தார்கள். அதாவது, மெதுவடை! 2010-ல் இகாட்டா குழுவினர் அந்த வடையைச் சுற்றி நிலையான சுற்றுப்பாதைகள் இருக்கலாம் என்று காட்டினார்கள். உருண்டைக்குக் கிடைக்காத பாக்கியம் வடைக்குக் கிடைத்தது.

● கெர் சுழலும் கருந்துளைச் சமன்பாட்டைக் கொடுத்த அதே 1963-ல், ஃபிராங்க் டாங்கர்லினி கூடுதல் திசைகளில் சுழலாத கருந்துளையைக் கணக்குப் போட்டு, அங்கேயும் நிலையான சுற்றுப்பாதை இல்லை என்று காட்டினார்.

● காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி 1986-ல் வேலையைத் தொடங்கியது. கண்ணாடியின் விட்டம் 2.3 மீட்டர்.